பில்லிங்கில் உட்காருவது எப்படி?

உட்கார முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பொண்ணு டிபார்ட்மென்டல் ஸ்டோர்ல பில்லிங்ல உக்காந்திருக்கா' என்று உங்கள் அம்மா தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார். சொல்லட்டும். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு 22ஏ என்று ஒரு பிரிவையே புதிதாகச் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் கவுன்ட்டரிலும் ஒரு ஸ்டூல் இருக்கும். ஸ்டூல்மேல் பில் ரோல் அட்டைப்பெட்டி இருக்கும். பெட்டியைக் கீழே இறக்கலாம் என்றால் கீழே கேரி பேக் கட்டு இருக்கும். லேபர் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வரும் நாளில் இரண்டும் எங்கோ போய்விடும். அன்றைக்கு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

சரி, நின்றபடியே பாடத்துக்கு வருவோம். உங்கள் முன்னால் ஒரு திரை, எழுத்து தேய்ந்த கீபோர்டு, சிவப்பு ஒளி அடிக்கும் ஸ்கேனர், பில் பிரின்டர், கல்லாப்பெட்டி, கார்டு மெஷின், க்யூஆர் அட்டை, பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் சின்னப் பெட்டி என எட்டு உருப்படி இருக்கும். எட்டையும் எட்டுக் கம்பெனிக்காரர்கள் விற்றிருப்பார்கள். எது மக்கர் செய்தாலும் அந்தந்தக் கம்பெனிக்குப் போன் செய்யலாம். கோளாறு மற்ற ஏழில் ஏதோ ஒன்றில் இருப்பதாகச் சொல்வார்கள். 'ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்' என்ற வைத்தியத்தில் மட்டும் எட்டுப் பேருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

உள்ளே நுழைய ஐடி வேண்டும். உங்கள் பெயரில் ஐடி கேட்டு ஹெட் ஆபீஸுக்கு மெயில் போயிருக்கிறது, வந்துவிடும். அதுவரைக்கும், கல்யாணமாகி வேலையை விட்டுப்போன பெண்ணின் ஐடியில் பில் போடுங்கள். பில்லின் அடியில் அவர் பெயர்தான் அச்சாகும். அதைப் படித்துவிட்டு யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள். விளக்கப் போனால் வரிசை நீளும்.

இந்த இயந்திரத்தின் ஜாதகத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அதன் குணம் புரியும். 1879இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரத்தில் சாராயக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர், கல்லாவில் நிற்கும் தன் ஆட்களே காசை அமுக்குகிறார்கள் என்று நொந்துபோய், சகோதரரோடு சேர்ந்து உருவாக்கிய கருவி இது. 'லஞ்சத்துக்கு மசியாத காசாளர்' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். பின்னால் வந்த கல்லாக்களில் பெட்டி திறந்தால் மணி அடிக்கும். முதலாளி எந்த மூலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். கணக்குப் போட உங்களுக்கு உதவுவதற்காக இது பிறக்கவில்லை தாயே, உங்களை நம்ப முடியாது என்பதற்காகப் பிறந்தது. கூட்டல் கழித்தல் அப்புறம் ஒட்டிக்கொண்ட வித்தை. இன்றைக்கும் விற்பனை எதுவும் இல்லாமல் டிராயரைத் திறந்தால் மணி, நிமிடத்தோடு பதிவாகிவிடும். பக்கத்துக் கவுன்ட்டருக்கு நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுத்ததற்கு மாலையில் விசாரணை நடக்கும்.

ஸ்கேன் செய்வது பற்றி. பொருளை எடு, கோட்டைக் காட்டு, 'பீப்' என்றால் அடுத்தது. பயிற்சி தர வந்தவர் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். உலகத்தில் ஒரு கடையில் முதன்முதலாக இப்படிப் பார்கோடு ஸ்கேன் செய்து பொருள் விற்றது 1974 ஜூன் 26 அன்று. ரிட்டியின் டேட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ட்ராய் என்ற ஊர். பொருள், ரிக்ளி கம்பெனியின் சூயிங்கம். விலை 67 சென்ட். சூயிங்கம் காய்ந்த பொருள், மழமழவென்று உறை, கோடுகள் நேராக நிற்கும். அன்றைக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இட்லி மாவு பாக்கெட்டை வைத்துத் தொடங்கியிருந்தால் அந்தத் திட்டத்தை அன்று மாலையே கைவிட்டிருப்பார்கள்.

மாவு பாக்கெட்டைக் கையாளும் முறை தனி. வெளியே வந்த அரை நிமிடத்தில் உறை முழுக்க வேர்த்துவிடும். கடை கொடுத்த மேல்கோட்டின் நுனியால் முதலில் துடையுங்கள். பார்கோடு எப்போதும் மடிப்பு விழுகிற இடத்தில்தான் அச்சடித்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் உறையை இழுத்துப் பிடித்துச் சுருக்கத்தை எடுங்கள். ரொம்ப இழுக்கவும் கூடாது. மாவு புளித்து உள்ளே காற்றடைத்து, வெடிக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும். இப்போது மூன்றாவது கையால் ஸ்கேனரைப் பிடித்து அமுக்குங்கள். பீப் வராது. பதின்மூன்று எண்ணையும் கீபோர்டில் அடியுங்கள்.

இந்தப் பதின்மூன்றில் கடைசி எண் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. முதல் பன்னிரண்டில் ஒன்று விட்டு ஒன்றை மூன்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருகிற தொகையைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி எண். ஏதாவது ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் பிடித்துவிடும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு எண்ணை இடம் மாற்றி அடித்து, அவற்றுக்குள் வித்தியாசமும் ஐந்தாக இருந்துவிட்டால், அதாவது 16ஐ 61 என்று அடித்தால், ஒன்றும் தெரியாததுபோல் ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் அப்படி ஒரு பொருளே கடையில் இல்லை என்று திரை சொல்லிவிடும். என்றாவது ஒருநாள் இருந்து தொலைக்கும். இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே பில்லைப் பொருள் பொருளாகத் தொட்டுச் சரிபார்க்கிற ஆள்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது, 890 மாமாவையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒருவர் உண்டு. ஓய்வு பெற்றவர், கையில் துணிப்பை. நீங்கள் ஸ்கேன் செய்வதை நிறுத்தி, 'பார்கோடு 890ல ஆரம்பிச்சா நம்ம நாட்டுப் பொருள், அது தெரியுமாம்மா ஒனக்கு?' என்பார். அந்த எண், பார்கோடு வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையில் அந்தக் கம்பெனி பதிவு செய்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இது உங்களுக்குத் தெரியும். 'அப்படியா அங்கிள்!' என்று சொல்லுங்கள். அடுத்த வாரமும் அதே வியப்போடு சொல்ல வேண்டியிருக்கும், கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறிக்கு எடை மெஷினில் ஒட்டித் தருகிற ஸ்டிக்கரில் எண் 2இல் தொடங்கும். கடை தனக்குள் வைத்துக்கொள்கிற எண் அது. பொருளின் கோடும் எடையோ விலையோ அதற்குள்ளேயே இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டாமல் கத்தரிக்காயோடு வருகிறவரை 'அங்க போய் எடை போட்டுட்டு வாங்க சார்' என்று அனுப்பினால், பின்னால் நிற்கும் ஏழு பேரும் அவரைப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள்.

காய்கறிக்கு அடுத்தது கறிவேப்பிலை. இந்த வேலையின் நிஜமான பரீட்சை இங்கேதான். காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு இணுக்குக் கொத்தமல்லியும் கொசுறாக வரும் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். சந்தையில் காய்க்காரம்மா கேட்காமலே பையில் திணிப்பார். அண்ணாச்சி கடையில் கேட்டால் கிடைக்கும். கம்ப்யூட்டரில் கொசுறுக்குப் பட்டன் இல்லை. ஒரு பொருள் கடையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் அதற்கு ஒரு கோடு, ஒரு விலை, ஒரு வரி விகிதம் இருந்தாக வேண்டும். வரி பூஜ்யமாக இருக்கலாம், விலை பூஜ்யமாக இருக்கக் கூடாது. போட்டுப் பாருங்கள், 'விலை தவறு' என்று சிவப்பில் எழுதும். அறுநூறு ரூபாய்க்குக் காய் வாங்கிய அம்மா, ஸ்டிக்கர் ஒட்டி ஐந்து ரூபாய்க்கு விற்கிற கறிவேப்பிலைப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதுக்குப் போயா காசு வாங்குவீங்க?' என்பார். குரலில் கோபம் இருக்காது, வருத்தம் இருக்கும். அதுதான் கஷ்டம். சூப்பர்வைசரைக் கூப்பிட்டால் சிஸ்டத்தில் வழியில்லை என்பார். முதலாளி அந்தப் பக்கம் வந்தால், 'அம்மாகிட்டப் போய் கறிவேப்பிலைக்குக் காசு கேக்குறியா?' என்று உங்களைக் கடிந்துவிட்டு, இருப்பில் குறைந்த அந்த ஒரு பாக்கெட்டுக்கு மறுநாள் கணக்கும் கேட்பார். பழகியவர்கள் இந்த இடத்தில் செய்வது ஒன்றுதான்: உடைந்த கொத்துகளை ஒரு கூடையில் போட்டுக் கவுன்ட்டருக்கு அடியில் வைத்திருப்பார்கள். சிஸ்டத்தில் அது குப்பை. பையில் போனால் கொசுறு.

இனி விலை. ஒரே பார்கோடில் பழைய சரக்கு 48 ரூபாய், புதுச் சரக்கு 50 ரூபாய் என்று இரண்டு எம்ஆர்பி இருக்கும். ஸ்கேன் செய்ததும் 'எந்த விலை?' என்று திரை கேட்கும். அதற்குத் தெரியாது, அதனால்தான் உங்களைக் கேட்கிறது. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேட்ச் எண்ணுக்கும் காலாவதித் தேதிக்கும் நடுவில் எறும்பு அளவில் புள்ளி புள்ளியாக அச்சடித்ததைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் போட்டாலும் சட்டப்படி குற்றம். எல்லா வரியும் சேர்ந்ததுதான் எம்ஆர்பி. இரண்டு ரூபாய் குறைத்துப் போட்டால் குற்றமில்லை, உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, அந்த வாரம் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். நூறு ரூபாய் ஷாம்பு வரி குறைந்து 89 ரூபாய்க்கு வர வேண்டும். பாட்டிலில் பழையபடி நூறு என்றே இருக்கும். கம்ப்யூட்டரில் விலை மாற்றியிருந்தால், 'என்னம்மா கம்மியா போட்டிருக்கே, எக்ஸ்பயரி சரக்கா?' என்று சந்தேகம். மாற்றாமல் இருந்தால், 'டிவில குறைச்சாச்சுன்னு சொல்றாங்க, நீங்க அமுக்குறீங்களா?' என்று சண்டை. நிதியமைச்சர் அறிவிப்பை வெளியிட்டு நிம்மதியாக இருக்கலாம். பதில் சொல்கிற இடம் மூன்றாம் நம்பர் கவுன்ட்டர்.

பொருளெல்லாம் முடிந்ததும் 'போன் நம்பர் சொல்லுங்க' என்று கேட்க வேண்டும். போன் நம்பர் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. திரைக்கு அது தெரியாது. பத்து எண் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. தர மறுப்பவருக்கு என்ன செய்வது? எல்லாக் கடையிலும் கேஷியர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு நம்பர் உண்டு, பத்து ஒன்பதோ பத்து பூஜ்யமோ. அந்த நம்பர்க்காரர்தான் கடையின் மிகப்பெரிய வாடிக்கையாளர். மாதம் பல லட்சத்துக்கு வாங்குகிறார், பாயின்ட் குவிந்து கிடக்கிறது. தீபாவளிக்கு அவருக்கு வெள்ளிக்காசு தர வேண்டும் என்று ஹெட் ஆபீஸ் தேடிக்கொண்டிருக்கும். காட்டிக்கொடுக்காதீர்கள்.

பணம் வாங்கும் படலம். கார்டு மெஷினை இன்னும் எல்லோரும் ஸ்வைப்பிங் மெஷின் என்றுதான் சொல்வார்கள். யாரும் தேய்ப்பதில்லை, செருகுகிறார்கள் அல்லது தொடுகிறார்கள். 5000 ரூபாய் வரை தொட்டாலே போதும், பின் வேண்டாம். அப்படித் தொட்டதும் பணம் போய்விட்டதைப் பார்த்துப் பதறுகிறவரிடம், 'அது அப்படித்தான் சார்' என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

யுபிஐ வந்ததும் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் தொழில் படுத்துவிட்டது. 487 என்றால் 487தான். வந்த புதுச் சிக்கல் இது: வாடிக்கையாளர் போனில் பச்சை டிக் விழுந்திருக்கும், உங்கள் பெட்டி வாயைத் திறக்காது. அவர் போனை உங்கள் மூக்குக்கு நேராக நீட்டுவார். நீங்கள் பெட்டியைப் பார்ப்பீர்கள். பெட்டி சுவரைப் பார்க்கும். போலி ஸ்கிரீன்ஷாட் ஆட்களும் உலவுவதால், பெட்டி பேசாமல் பையைத் தரக் கூடாது என்பது கடை உத்தரவு. அதற்காக அவரைத் திருடன் போல் நடத்தவும் கூடாது என்பது இன்னொரு உத்தரவு. இந்த இரண்டையும் ஒரே முகத்தில் காட்டப் பழகுங்கள். புருவம் மேலே, உதடு சிரிப்பில். பணம் கழிந்தும் கடைக்கு வந்து சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று 2019இலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. சரியான தகவல்தான். பசியோடு அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் பவுடருக்காக நிற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் மறுபடி அனுப்புவார். அனுப்பிய மறுகணம் பெட்டி இரண்டு முறை கூவும்.

ரொக்கம் தருகிறவர்களில் பத்து ரூபாய் நாணயக்காரர் தனி ரகம். பதினான்கு வடிவத்தில் வந்த பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கியே சொல்லியாகிவிட்டது. வாங்கிக்கொள்ளுங்கள், சட்டம் அதுதான். அடுத்த ஆளுக்கு மீதியாகக் கொடுத்துப் பாருங்கள், 'இது செல்லாதும்மா' என்று திருப்பி வைப்பார். ஆக நாணயம் கல்லாவுக்குள் வரும், வெளியே போகாது. கல்லாவில் தனிக் குழி ஒதுக்கிவிடுங்கள்.

பிரின்டரில் மை கிடையாது. காகிதத்தின் ஒரு பக்கத்தில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவே. ஓரத்தில் சிவப்புக் கோடு வரத் தொடங்கினால் ரோல் முடியப்போகிறது. அது சரியாக மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, ஐந்தாயிரம் ரூபாய் மாதச் சாமான் பில் நடுவில்தான் வரும். புது ரோலை எந்தப் பக்கம் போடுவது என்று குழம்ப வேண்டாம். நகத்தால் கீறுங்கள், கறுப்புக் கோடு விழுகிற பக்கம்தான் அச்சாகும் பக்கம். மாற்றிப் போட்டால் பிரின்டர் சந்தோஷமாக ஒன்றரை முழத்துக்கு வெள்ளைத்தாள் தரும். அந்த ரசாயனத்தால்தான், பொருளை மாற்றித் தரச் சொல்லிப் பத்து நாள் கழித்து வருகிறவரின் பில் வெயிலில் நின்ற காரில் கிடந்து முழுக்கக் கறுத்திருக்கும், அல்லது பர்ஸில் கிடந்து முழுக்க வெளுத்திருக்கும். பில் இல்லாமல் மாற்ற முடியாது என்று பில்லின் அடியிலேயே போட்டிருக்கிறோம். அந்த வரியும்தான் அழிந்திருக்கும்.

தப்பாகப் போட்ட பொருளை நீக்க சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வேண்டும். உங்களுக்குச் சேர்க்க உரிமை உண்டு, எடுக்க உரிமை கிடையாது. சூப்பர்வைசர் அண்ணன் குடோனில் இருப்பார். வரிசை உச்சுக் கொட்டும். அவர் வந்து, நீங்கள் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு 1234 அடிப்பார். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதை.

இரவு கணக்கு. ஐநூறு இத்தனை, இருநூறு இத்தனை, நூறு இத்தனை என்று நோட்டு வாரியாக எழுதிப் போட்டு, கம்ப்யூட்டர் சொல்லும் தொகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். குறைந்தால் ஷார்ட், உங்கள் சம்பளத்தில் கழியும். கூடினால் எக்ஸஸ், கடைக்குப் போகும், உங்களிடம் எழுத்து மூலம் விளக்கமும் கேட்பார்கள், ஏனென்றால் கூடியது எப்படி என்பதுதான் இன்னும் பெரிய சந்தேகம். ஒத்துப்போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாராட்டு என்பது அதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'டே எண்ட்' பட்டனை அழுத்தினால் சிஸ்டத்தில் தேதி மாறிவிடும். இன்றைய தேதியில் இனி பிரம்மா வந்தாலும் பில் போட முடியாது.

அழுத்திய பிறகுதான் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் வருவார். 'ஒரே ஒரு பால் பாக்கெட்தாம்மா, வீட்ல குழந்தைக்கு.' தேதி மாறியது, டே எண்ட் ஆனது, கல்லா பூட்டியது எதையும் அவரிடம் சொல்லாதீர்கள். பாலைக் கொடுத்துச் சரியான சில்லறையாக வாங்கி, துண்டுத்தாளில் 'பால் 1' என்று எழுதிச் சுற்றி ஸ்டேப்ளர் பெட்டியில் வையுங்கள். காலையில் முதல் பில்லாக அதைப் போட்டுவிடுங்கள். மறந்தால் இருப்பில் ஒரு பாக்கெட் குறையும், ஸ்டேப்ளர் பெட்டியில் கணக்கில் வராத காசு இருக்கும், அதற்கு நேர் மேலே கேமராவும் இருக்கும்.